மலையடிவார நாய்கள்

தமிழ் இலக்கணம் உலகத்துப் பொருள்களை உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பகுத்து, மக்களையும் தேவரையும் முன்னதிலும், ஏனைய உயிர்களையும் உயிரில்லாதவற்றையும் பின்னதிலும் வைத்தமையால், நாய்க்கு இம்மொழியில் ‘அது’ என்னும் சுட்டே உரியதாயிற்று. திருவண்ணாமலையின் தென்சரிவில், 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதி நெடுகிலும், இந்தப் பகுப்பைப் பொருட்படுத்தாத ஒரு பேச்சு வழங்கிவந்தது. அந்தப் பேச்சு வழங்கிய இடத்தில், ரமணாசிரமத்தின் வளாகத்துக்குள், லட்சுமி என்ற பசுவுக்கும் வள்ளி என்ற மானுக்கும் ஒரு காக்கைக்கும் எழுப்பப்பட்ட சமாதிகளோடு ஜாக்கி என்ற நாயின் சமாதியும் இன்றுவரை இருக்கிறது. ஒரு நாய் யாருடையது, அதற்குப் பொறுப்பு யார் என்ற கேள்வியைச் சட்டமும் வழக்கமும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விதமாகத் தீர்க்க முயன்ற வரலாற்றை, இந்த மலையைச் சுற்றிய நிலப்பரப்பைக் கொண்டே பெரிதும் எழுதிவிட முடியும்.

அந்த வரலாற்றின் மிகப் பழைய சான்று ஆசிரமத்துக்கு ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் முற்பட்டது. திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கம், தண்டராம்பட்டுப் பகுதிகள் நடுகற்களுக்குப் பெயர் பெற்றவை. நடுகல் என்பது போரிலோ, தொறு எனப்பட்ட கால்நடைக் கூட்டத்தை மீட்கும் பூசலிலோ இறந்துபட்டவனுக்கு அவன் உருவத்தைச் செதுக்கி நிறுத்தும் நினைவுக் கல். இவ்வட்டாரத்தைச் சேர்ந்த எடுத்தனூரில் கிடைத்த நடுகல், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கும் பூசலில் பட்ட கருந்தேவகத்தி என்பவனுக்கு எடுக்கப்பட்டது. அக்கல்லில் வீரனோடு நாய் ஒன்றும் செதுக்கப்பட்டு, அதற்கெனத் தனியே சில சொற்களும் பொறிக்கப்பட்டுள்ளன. கோவிவன் என்னும் பெயருடைய அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்பது அச்சொற்களின் பொருள். எத்தனையோ வேளாளர், கைவினைஞர், பெண்டிர் ஆகியோரின் பெயர்கள் ஒரு தடயமும் இன்றி மறைந்துபோன ஒரு நூற்றாண்டிலிருந்து ஒரு நாயின் பெயர் எஞ்சி நிற்பது வியப்புக்குரியது. கோவிவனுக்கு உடையவன் இருந்தான், வேலை இருந்தது, பெயர் இருந்தது. அவை மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பதும் அக்கல்லிலிருந்து தெரிகிறது.

மேய்ச்சல் சமூகத்து நாய்க்கு இருந்த இந்த மதிப்பு, ஊரும் கோயிலும் பெருகிய காலத்தில் அப்படியே தொடரவில்லை. இதே தலத்தில் திருவெம்பாவை பாடினார் என மரபு போற்றும் மாணிக்கவாசகர், தம் தாழ்வைச் சொல்லும் இடமெல்லாம் தம்மை நாயாகவே கூறிக்கொண்டார். பக்தி மொழியில் நாய் என்பது இழிவின் கடைசிப் படியாக நிலைபெற்றது. ஆனால் அதே சைவ மரபு, சிவனின் உக்கிர வடிவமான பைரவருக்கு நாயை ஊர்தியாக நிறுத்தியது. அண்ணாமலையார் கோயிலின் கால பைரவர் சந்நிதியில் தேய்பிறை அட்டமிதோறும் கூடுவோர் வணங்கும் உருவத்தில் நாயும் உடன் நிற்கிறது. கோயிலுக்குள் கல்லாக நின்றால் வணக்கம், வாசலில் உயிரோடு நின்றால் விரட்டல் என்ற இந்த இரட்டை நிலையை முரண்பாடு என்று எளிதில் சொல்லிவிடலாம். நாய்க்கு என்று ஓர் இடத்தை மரபு ஒதுக்கியது, ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பொறுப்பாளரை மட்டும் ஒதுக்கவில்லை என்று சொல்வதே பொருத்தமாக இருக்கும்.

தமிழ்நாட்டு ஊர்களில் நெடுங்காலம் வழங்கிய ஏற்பாடும் இதுதான். வீட்டு நாய்க்கும் தெரு நாய்க்கும் இடையே இன்று சட்டம் இடும் கோடு அக்காலத்தில் இல்லை. பெரும்பாலான நாய்கள் ‘ஊர் நாய்’ என்ற ஒரே வகையில் அடங்கின. ஒரு தெருவின் மிச்சச் சோற்றைத் தின்று, அத்தெருவுக்குள் இரவில் நுழையும் அயலாரைப் பார்த்துக் குரைத்து, எந்தத் திண்ணைக்கடியிலாவது குட்டி போட்டு வாழ்ந்த அந்த நாய்க்கு உணவிட்டவர் பலர் இருந்தனர், உடையவர் என்று ஒருவரும் இல்லை. அது கடித்தால் கேட்க ஆள் இல்லை. அதற்கு நோய் வந்தால் பார்க்கவும் ஆள் இல்லை. சோறு போடுவதோடு கடமை முடிந்துவிட்டது என்ற எண்ணம் இன்றும் ஊர்களில் வலுவாக இருப்பதற்கு இந்தப் பழைய ஏற்பாடே வேர்.

இந்த ஏற்பாட்டுக்குள் வந்து அதன் ஒழுங்கைச் சத்தமின்றி மாற்றிய இடமாகவே ரமண மகரிஷியின் சூழலைப் பார்க்க வேண்டும். 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்த ரமணர், 1899 முதல் 1916 வரை மலைமேல் விருபாட்சி குகையிலும், பின்னர் 1922 வரை கந்தாசிரமத்திலும் தங்கி, தாயின் சமாதிக்குப் பிறகு அவ்வாண்டின் இறுதியில் அடிவாரத்துக்கு இறங்கினார். சமாதியைச் சூழ்ந்து ரமணாசிரமம் வளர்ந்தது. மலைமேல் இருந்த காலத்திலேயே சின்னக் கறுப்பன், கமலா, ஜாக்கி ஆகிய நாய்கள் அவரை அண்டி வாழ்ந்தன என்பதை அவருடைய வாழ்க்கை வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. புதிதாக வந்தவர்களுக்கு மலையைக் காட்டி வரும்படி கமலாவிடம் சொன்னால், அது அவர்களைத் தீர்த்தம் தீர்த்தமாக, குகை குகையாக அழைத்துச் சென்று திரும்பும் என்பது அவற்றுள் பலரும் அறிந்த செய்தி. ஆர்தர் ஆஸ்பர்ன் 1954இல் வெளியிட்ட வரலாறு, பக்தர்கள் அவ்வளவாகக் கவனிக்காத வேறொன்றையும் குறிக்கிறது: ரமணர் விலங்குகளைத் தமிழின் இயல்புப்படி அஃறிணையில் சுட்டாமல், அவன், அவள் என்றே சுட்டினார், நாய்களுக்கு உணவிட்டாயிற்றா என்று கேட்கும்போதும் பையன்களைப் பற்றிக் கேட்பது போலவே கேட்டார்.

சொல்லைவிடக் கருத்தக்கது உணவின் வரிசை. ஆசிரமத்தில் உணவு வேளையில் முதலில் நாய்களுக்கும், அடுத்து இரந்து வந்தோருக்கும், அதன்பின் பக்தர்களுக்கும் என்ற முறை வழங்கியது. தமிழ் வீட்டில் நாய்க்குரியது எல்லோரும் உண்டு முடித்தபின் எஞ்சும் எச்சில் சோறு, முதற்கவளம் காக்கைக்குரியது. ஆசிரமம் செய்ததெல்லாம் காக்கையின் இடத்துக்கு நாயையும் உயர்த்தியதுதான் என்றாலும், எஞ்சியதைப் போடுவது ஈகை, முதலில் எடுத்துவைப்பது கடமை என்ற வேறுபாடு அதற்குள் அடங்கியிருந்தது. ஒருமுறை உதவியாளர் பழனிசாமி ஒரு குட்டியைக் கடிந்து நடத்த, அது சங்க தீர்த்தத்தில் விழுந்து இறந்துபோனது. அவருக்கும் உடனிருந்த மற்றவர்களுக்கும், இங்குள்ள விலங்குகளுக்கு அறிவும் கொள்கையும் உண்டு, அவற்றைக் கடுமையாக நடத்தலாகாது என்று உடனே உணர்த்தப்பட்டது. அக்குட்டி தானே உயிரை விட்டது என்ற விளக்கத்தை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. எனினும் நாயை நடத்தும் முறை ஒரு நிறுவனத்தின் நடத்தை விதியாக இங்கே சொல்லப்பட்டது என்பது வரலாற்றுக்குப் போதுமான செய்தி. ஜாக்கி நோயுற்றபோது அதைப் பராமரித்து, இறந்தபின் முறைப்படி அடக்கம் செய்ததும் அவ்விதியின் தொடர்ச்சியே.

அதே காலத்தில் அரசின் சட்டம் எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தது. உடையவன் இல்லாத நாய் அழிக்கத்தக்கது என்பதே ஆங்கிலேயர் கால நகராட்சிகளின் அடிப்படைக் கொள்கை. பம்பாயில் தெரு நாய்களைக் கொல்லும் ஆணையை எதிர்த்து, நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் 1832 ஜூனில் கடையடைத்துக் கலகம் செய்தனர். அதனால் கொள்கை மாறிவிடவில்லை. சென்னையில் நாய்களைப் பிடித்துக் கொல்லும் பணி 1860 அளவில் தொடங்கியதாகப் புளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பினர் குறிப்பிடுகின்றனர். 1890இல் வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டம், கொடுமையைப் பெரிதும் பொது இடத்தில் நடப்பதாகவோ பொதுமக்கள் பார்வையில் படுவதாகவோ வைத்தே வரையறுத்தது. விலங்கின் வலியைவிடப் பார்ப்பவரின் மனச்சங்கடமே அதன் கவலை என்று அச்சட்டத்தைப் படிப்பவர் எண்ணினால் அதில் தவறில்லை. 1886இல் நகராட்சியான திருவண்ணாமலைக்குப் பின்னர் சென்னை மாகாணத்தின் 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் பொருந்தியபோதும், நாய் என்பது குப்பை, சாக்கடை, தொற்றுநோய் ஆகியவற்றின் வரிசையில் சுகாதாரத் தொல்லையாகவே ஏட்டில் இடம்பெற்றது.

இந்தக் கடுமைக்குப் பின்னால் ஒரு மெய்யான அச்சம் இருந்ததை மறைப்பது நேர்மையாகாது. வெறிநாய்க்கடி நோய் அறிகுறி தோன்றியபின் ஏறத்தாழ எப்போதும் உயிரைப் பறிப்பது. பாஸ்டர் 1885இல் பாரிசில் தடுப்பு மருந்தைக் கண்டபின்னும், இந்தியாவில் 1900இல் கசௌலியில் முதல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கும் வரை இங்கே கடிபட்டவர்க்கு வழியில்லை. தென்னிந்தியர் இமயமலை அடிவாரம் வரை போகவேண்டியிருந்த அந்த நிலையும் 1907இல் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிறுவனம் அமைந்தபோதுதான் மாறியது. டேவிட் செம்பிள் கசௌலியில் உருவாக்கிய, ஆட்டு மூளைத் திசுவிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற நினைவாக மூன்று தலைமுறைகளின் பேச்சில் தங்கியது. 2004இன் இறுதியில்தான் அதன் உற்பத்தி நாட்டில் நிறுத்தப்பட்டது. நாயைக் கண்டால் குழந்தையை இழுத்து அணைத்துக்கொள்ளும் தாயின் கைக்குப் பின்னால் அந்தப் பதினான்கு ஊசிகளும் இருக்கின்றன.

விடுதலைக்குப் பின் 1960இல் வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டம், இந்தக் கட்டுரையின் கேள்விக்கு நேரே விடை சொல்லத் தொடங்கிய முதல் சட்டமாகும். அதன் 3ஆம் பிரிவு, ஒரு விலங்கின் நலத்தைப் பேணும் கடமையை உடையவர்மீது மட்டும் சுமத்தாமல், அதைப் பராமரிப்பிலோ பொறுப்பிலோ வைத்திருக்கும் எவர்மீதும் சுமத்தியது. 11ஆம் பிரிவு, உடையவர் உணவும் நீரும் இருப்பிடமும் தராமை, எப்போதும் சங்கிலியில் கட்டிக்கிடக்கும் நாயை நடக்க விடாமை, பட்டினியால் வாட நேரும்படி கைவிடுதல் ஆகியவற்றைக் குற்றங்கள் ஆக்கியது. ஆயினும் அதே பிரிவின் இறுதியில், தெரு நாய்களை உயிர்நீக்கும் அறைகளில் கொல்வது கொடுமையாகாது என்ற விலக்கும் இருந்தது. பின்னர் சேர்க்கப்பட்ட திருத்தம் ஒன்று, தெரு நாயின் இதயத்தில் ஸ்ட்ரிக்னைன் நஞ்சை ஊசியால் செலுத்திக் கொல்வதைத் தடைசெய்தது; ஒன்றைப் பெயர் சொல்லித் தடுக்க வேண்டியிருந்தது எனில் அது எவ்வளவு வழக்கமாக நடந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இச்சட்டத்தின்படி 1962இல் அமைந்த இந்திய விலங்குநல வாரியத்துக்கு ருக்மிணி தேவி அருண்டேல் முதல் தலைவராக இருந்தார். அதன் தலைமையகமும் 2018 வரை சென்னையிலேயே இருந்தது. 1959இல் கேப்டன் வி. சுந்தரம் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ், கொல்வதால் நாய்களின் எண்ணிக்கை குறைவதில்லை, ஒரு தெருவில் நாய்கள் அழிந்தால் அங்குள்ள உணவைத் தேடி அடுத்த தெருவின் நாய்கள் வந்து பெருகும் என்ற வாதத்தை 1964 முதல் மாநகராட்சியிடம் எடுத்துச் சொல்லி வந்தது. கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவது என்ற மாற்று முறை 1996இல்தான் சென்னையில் ஏற்கப்பட்டது. முப்பதாண்டுக் காலம் ஒரு கோரிக்கை காத்திருந்தது என்றால் அதில் ஒரு பகுதி அலட்சியம். மறுபகுதி, அறுவை அரங்கும் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரும் இல்லாத ஊரில் நாய் வண்டியே மலிவாக இருந்தது என்ற நிர்வாகக் கணக்கு. உலகச் சுகாதார நிறுவனமும், ஒரு பகுதியின் நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போடப்பட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்ற நிலைப்பாட்டையே எடுத்தது. 2001 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட நாய்கள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் இதை நாடு முழுமைக்கும் ஆக்கின. நாய்களை வளர்ப்பு நாய், தெரு நாய் என இரண்டாகப் பகுத்து, முதல்வகைக்குக் கருத்தடை, தடுப்பூசி, உரிமம் ஆகியவற்றின் பொறுப்பை உடையவரிடமும், இரண்டாம் வகைக்கு அதே பொறுப்பை உள்ளாட்சியிடமும் தொண்டு அமைப்புகளிடமும் இவ்விதிகள் ஒப்படைத்தன.

விதிகள் வந்த காலத்தில் ரமணாசிரமப் பகுதி பழைய மலையடிவாரமாக இல்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் நடக்கும் வழக்கம் 1990களில் பெருகியது. செங்கம் சாலையின் இருபுறமும் விடுதிகளும் உணவகங்களும் வாடகை வீடுகளும் எழுந்தன. அன்னதானம் நடக்கும் சாலையில் நாய்க்குப் பஞ்சமில்லை. நாய்க்கு உணவுப் பஞ்சமும் இல்லை. பாதையோரத்துச் சாதுக்கள் தங்கள் உணவைப் பகிர்ந்துகொள்ளும் நாய்களும், டிசம்பர் முதல் மார்ச் வரையான குளிர்ப் பருவத்தில் வந்து தங்கும் வெளிநாட்டினர் வீட்டோடு சேர்த்துக்கொள்ளும் நாய்களும் இப்பகுதிக்கே உரிய இரண்டு வகைகள். பின்வகையின் சிக்கல் வெயில் தொடங்கும்போது தெரியும்: நான்கு மாதம் ஒரு வாசலில் உண்டு வளர்ந்த குட்டி, வாசல் பூட்டப்பட்டதும் மீண்டும் சாலைக்கு வருகிறது, சாலையில் அதற்கு எல்லை இல்லை, கூட்டம் இல்லை, பழக்கமும் இல்லை. அன்பு குறைந்ததால் நேர்ந்த கேடு அன்று இது. அன்புக்குக் காலவரையறை இருந்ததால் நேர்ந்தது. இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் செங்கம் சாலையில் அமைந்த அருணாசலா விலங்குகள் சரணாலயம், அடிபட்ட நாய்களுக்குச் சிகிச்சையும் கருத்தடையும் தடுப்பூசியும் அளிக்கும் நிலையமாக இருப்பது, அந்த அன்பின் ஒரு பகுதியாவது நிறுவனமாக நிலைத்ததைக் காட்டுகிறது. மலையின் காப்புக்காட்டிலிருந்து நீர் தேடி இறங்கும் புள்ளிமான்கள் நாய்களிடம் கடிபட்டு இறப்பதும் இதே சாலையோரத்தில்தான். வள்ளிக்கும் ஜாக்கிக்கும் அடுத்தடுத்துச் சமாதி உள்ள ஊரில், மானின் நலமும் நாயின் நலமும் மோதும் இந்த இடத்துக்குப் பக்தி நூல்களில் விடை இல்லை.

2023 மார்ச் 10 அன்று வெளியான புதிய விதிகள், பழைய விதிகளின் இடத்தைப் பிடித்தன. அவை நாயைச் சுட்டும் சொல்லையே மாற்றின: உடைமையற்றது, அலைவது என்ற பொருள் தரும் சொல்லை விடுத்து, சமுதாய விலங்கு என்ற சொல்லை எடுத்துக்கொண்டன. ஊர் நாய் என்ற பழந்தமிழ் வழக்கைச் சட்டம் ஒன்றரை நூற்றாண்டு சுற்றி வந்து தொட்டது என்று கூறலாம். ஆனால் பழைய வழக்கில் இல்லாத ஒன்றையும் விதிகள் சேர்த்தன. உணவிடும் இடத்தைக் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் கட்டடங்களின் வாயில்களுக்கும் அப்பால், குடியிருப்போர் சங்கமோ உள்ளாட்சியின் பிரதிநிதியோ குறிக்க வேண்டும். உணவிடுபவர் அவ்விடத்தைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும். திருவண்ணாமலை 2024 ஆகஸ்டில் சுற்றுப்புற ஊராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சியானது. ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் இடையே கோடு கிழித்த எல்லையை நாய்கள் ஒருபோதும் மதித்ததில்லை. கருத்தடைப் பணிக்கு இப்போது ஒரே நிர்வாகம் பொறுப்பாகும் வாய்ப்பு கிடைத்துள்ளது.

வளர்ப்பு நாய்ப் பக்கம் சட்டம் இன்னும் மெலிந்தே இருக்கிறது. விற்பனைக்காக நாய்களை இனப்பெருக்கம் செய்வோர் பதிவு பெற வேண்டும் என 2017ஆம் ஆண்டின் விதிகளும், செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018ஆம் ஆண்டின் விதிகளும் வந்தன. 2024 மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியபின், அதுவரை பலரும் பொருட்படுத்தாத வளர்ப்பு நாய் உரிமத்தை மாநகராட்சி வற்புறுத்தத் தொடங்கி, அடையாள மின்சில்லு பொருத்துதல், உரிமமின்றி வளர்ப்போர்க்கு ₹5,000 தண்டம் என்று படிப்படியாக இறுக்கியது. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நாட்டு இனங்களைப் பெற்ற மாநிலத்தில், குளிர்நாட்டு நாயை மாடி வீட்டில் அடைத்து வளர்க்கும் மோகம் எப்படி வந்தது என்பது தனியே எழுதப்பட வேண்டிய கதை. கைவிடப்பட்ட வளர்ப்பு நாயே அடுத்த தலைமுறைத் தெரு நாயின் தாய். ஆனால் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாயைக் கைவிடும் முதற்குற்றத்துக்கு விதிக்கப்பட்ட தண்டம் பத்து ரூபாய்க்குக் குறையாததும் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாததும் ஆகும். விலைவாசியோடு சேர்ந்து அது உயரவே இல்லை.

2024இல் தமிழ்நாட்டில் நாய்க்கடிகள் 4.8 லட்சம் பதிவாகி, வெறிநோயால் 43 பேர் இறந்ததாக மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையின் கணக்கு கூறிற்று. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11 அன்று தில்லிப் பகுதித் தெரு நாய்கள் அனைத்தையும் காப்பகங்களுக்கு அகற்றும்படி ஆணையிட்டது. அதே மாதம் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர ஏனையவற்றைக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பின் பிடித்த இடத்திலேயே விடவும், வார்டுதோறும் உணவிடும் இடங்களைக் குறித்து அவற்றுக்கு வெளியே தெருவில் உணவிடுவதைத் தடுக்கவும் பணித்து, வழக்கின் எல்லையை நாடு முழுமைக்கும் விரித்தது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றிலிருந்து அகற்றப்படும் நாய்களை அங்கே மீண்டும் விடலாகாது என்றும் ஆணையிட்டது. திருவண்ணாமலையின் பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் அப்பட்டியலில் அடங்கும். கிரிவலப் பாதை அடங்காது. பௌர்ணமி இரவில் அன்னதான இலைகள் விழும் அந்த 14 கிலோமீட்டரில், தூய்மைப் பணியாளர் விடியலில் வந்து சேரும் முன்பே நாய்கள் வந்துவிடுகின்றன.